எந்த லூனா, எந்த பி.சி.சி.? கிரிப்டோ பெயர்க் குழப்பமும் ஊடகத்தின் கடமையும்

2017ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிரிப்டோ சந்தைகளின் விலைப்பட்டியல்களில் பி.சி.சி. என்ற மூன்றெழுத்துக் குறியீடு இரண்டு நாணயங்களுக்கு வழங்கிவந்தது. ஒன்று, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி பிட்காயினிலிருந்து கிளை பிரிந்த பிட்காயின் கேஷ். சில சந்தைகள் அதற்கு பி.சி.எச். என்று குறியீடு வைத்தன. வேறு சில பி.சி.சி. என்று வைத்தன. மற்றொன்று பிட்கனெக்ட் காயின். பிட்காயின் கேஷ் பிறக்கும் முன்பே அது பி.சி.சி. என்ற குறியீட்டோடு புழங்கிக்கொண்டிருந்தது.

'பிட்' என்ற தொடக்கத்தைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிட்காயின் கேஷ் ஒரு தொழில்நுட்பத் தகராறில் பிறந்தது. பிட்காயின் பதிவேட்டின் ஒவ்வொரு தொகுதியும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பு பரிவர்த்தனைகளைத் தாமதப்படுத்துகிறது என்று ஒரு சாரார் கருதினார்கள். வரம்பை எட்டு மெகாபைட்டாக உயர்த்திக்கொண்டு தனிவழி போனார்கள். அவர்கள் செய்தது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் நிரல், பதிவேடு, வாதம் எல்லாமே பொதுவெளியில் இருந்தன.

பிட்கனெக்டின் கதை வேறு. அதன் நிறுவனர் சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி. மக்கள் தங்கள் பிட்காயினைக் கொடுத்து பிட்கனெக்ட் காயினை வாங்க வேண்டும். அதைத் திரும்ப பிட்கனெக்டிடமே கடனாகக் கொடுத்து வைக்க வேண்டும். சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து வாங்கி விற்கும் மென்பொருள் ஒன்று மாதாமாதம் பெரும் வட்டி ஈட்டித் தரும் என்று சொன்னார்கள். 2018 ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பங்கு வாரியம் தடையாணை பிறப்பித்தது. ஜனவரி 16ஆம் தேதி பிட்கனெக்ட் தன் கடன் திட்டத்தை மூடியது. 400 டாலருக்கு மேல் விற்ற காயின் சில நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மோசடியின் அளவு சுமார் 240 கோடி டாலர் என்று அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டு, 2022 பிப்ரவரியில் கும்பானி மீது குற்றம்சாட்டியது. அமலாக்கத் துறை 2025 பிப்ரவரியில் குஜராத்தில் நடத்திய சோதனைகளில் இந்த வழக்கு தொடர்பாக 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ சொத்துகளைக் கைப்பற்றியது.

அந்த 2017 டிசம்பரில் பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியது. பிட்காயின் கேஷ் 4,000 டாலர் வரை போய்வந்தது. பிட்கனெக்ட் 400 டாலர் அளவில் நின்றது. அன்றைக்கு முதன்முதலாகப் பணம் போட வந்த ஒருவர், "பிட்காயினின் புதிய கிளை விலை ஏறுகிறது" என்று செய்தியில் படித்துவிட்டு பட்டியலில் பி.சி.சி. என்று தேடியிருந்தால் எது கிடைத்திருக்கும் என்பது அவர் எந்தச் சந்தையில் தேடினார் என்பதைப் பொறுத்தது. கையில் வந்தது தொழில்நுட்ப வாதத்தில் பிறந்த நாணயமா, புதியவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுக்கும் பொன்ஸி திட்டமா என்று அந்த மூன்றெழுத்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது செய்தி.

கிரிப்டோ உலகில் பெயர்களுக்குப் பதிவாளர் கிடையாது. அதனால் ஒரு பெயருக்கும் அதை முதன்முதலாகக் கேள்விப்படும் வாசகருக்கும் இடையில் நிற்பது ஊடகம் மட்டுமே. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எழுதும் முன், எந்த நாணயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஐயமில்லாமல் நிலைநாட்டுவது அதன் முதல் கடமை என்று நான் கருதுகிறேன். அந்தக் கடமை தமிழ் உட்பட எந்த மொழியிலும் இன்னும் ஒழுங்காக நிறைவேற்றப்படவில்லை.

பங்குச் சந்தையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். இந்தியாவில் ஒரு நிறுவனம் தொடங்க வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள நிறுவனத்தின் பெயரையோ அதை மிக நெருங்கி ஒத்த பெயரையோ வைக்க முடியாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் நான்காவது பிரிவிலேயே அதைத் தடுக்கிறது. பங்குகளை வெளியிட்டால் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட பன்னாட்டு அடையாள எண் உண்டு. ஒரு சந்தையில் ஒரு குறியீடு ஒரு பங்குக்கு மட்டுமே. இவற்றுக்கெல்லாம் மேலே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இருக்கிறது.

கிரிப்டோவில் நடப்பதைப் பாருங்கள். எத்தீரியம் தளத்தில் டோக்கன்களை உருவாக்குவதற்கான பொது விதி, ஈ.ஆர்.சி.-20 என்பது, 2015இல் முன்மொழியப்பட்டது. அந்த விதியில் பெயரும் குறியீடும் கட்டாயம்கூட இல்லை. விரும்பினால் நிரப்பிக்கொள்ளும் வெறும் கட்டங்கள். அதே பெயரில் வேறு யாரேனும் வைத்திருக்கிறார்களா என்று எந்தக் கணினியும் சரிபார்ப்பதில்லை. சற்று நிரல் தெரிந்த எவரும் சில நிமிடங்களில், சில்லறைக் கட்டணத்தில், எந்தப் புகழ்பெற்ற நாணயத்தின் பெயரையும் அப்படியே தன் டோக்கனுக்கு வைத்துவிடலாம். உண்மையான அடையாளம் என்பது அந்த டோக்கனின் ஒப்பந்த முகவரி. பூச்சியத்தில் தொடங்கும் முன்னொட்டுக்குப் பின்னால் வரும் 40 எண்ணெழுத்துகள் அவை. ஒரே ஊரில் 'மேட்டுக்காடு' என்று நான்கு பேர் நிலத்தைச் சொல்லலாம். பத்திரம் பதியும்போது சர்வே எண்தான் பேசும். ஒப்பந்த முகவரி அந்தச் சர்வே எண்ணைப் போன்றது. ஆனால் கிரிப்டோ செய்திகளில் மேட்டுக்காடு மட்டுமே வருகிறது.

பெயர்கள் ஒத்துப்போவதற்குக் காரணங்கள் பல. எல்லாமே மோசடி என்று சொல்வது நியாயமாகாது. இங்கேதான் செய்தியாளர் உழைக்க வேண்டியிருக்கிறது.

மூலப் பதிவேட்டிலிருந்து பிரிந்துபோகும் கிளை, தாயின் பெயரில் பாதியைச் சுமந்துகொண்டு போவது இயல்பு. எத்தீரியத்தில் 2016 ஜூன் மாதம் 'தி டாவோ' என்ற திட்டத்திலிருந்து எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் 36 லட்சம் களவு போனது. களவை இல்லாததாக்க ஜூலை 20ஆம் தேதி பதிவேட்டையே மாற்றி எழுதினார்கள். மாற்றக் கூடாது என்று நின்றவர்களின் பழைய பதிவேடு எத்தீரியம் கிளாசிக் ஆனது. கவனியுங்கள், இங்கே மாற்றப்படாத பழைய பதிவேடுதான் புதுப் பெயரை ஏற்றுக்கொண்டது. மாற்றப்பட்டது எத்தீரியம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. பிட்காயின் கேஷ் விவகாரத்தில் இதற்கு நேர்மாறு: பழையது பழைய பெயரோடு இருந்தது, பிரிந்தது புதுப் பெயர் வைத்துக்கொண்டது. 2018இல் மொனெரோ நாணயம் தன் விதிகளை மாற்றியபோது மாற்றத்தை ஏற்காதவர்கள் மொனெரோ கிளாசிக், மொனெரோ ஒரிஜினல், மொனெரோ ஜீரோ என்று ஒரே காலத்தில் பல பெயர்களில் கிளம்பினார்கள். கிளாசிக் என்றால் இன்னது, ஒரிஜினல் என்றால் இன்னது என்று பெயரை வைத்து ஊகிக்க எந்தப் பொது விதியும் இல்லை.

பிட்காயின் குடும்பத்தில் பெயருக்கான சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. பிட்காயின்.ஆர்க் என்ற தளம் 2008 ஆகஸ்ட்டில், பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோவின் ஆய்வுத்தாள் வெளிவருவதற்கு முன்பே பதிவானது. பிட்காயின்.காம் என்ற தளமோ பிட்காயின் கேஷின் முதன்மை ஆதரவாளரான ரோஜர் வெர் கையில் இருந்தது. பிட்காயின் கேஷே உண்மையான பிட்காயின் என்பது அவர் வாதம். ஒரு கட்டத்தில் அவர் தளம் கிளையை 'பிட்காயின்' என்றும் மூலத்தை 'பிட்காயின் கோர்' என்றும் காட்டியது. 2018 ஏப்ரலில் பயனாளர்கள் வழக்குத் தொடுக்கத் திரண்டார்கள், பெயர்க்குறிப்புகள் மாறின. தன் கிளைதான் கொள்கைக்கு உண்மையானது என்று வாதிட அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தேடுபொறியில் 'பிட்காயின்' என்று தட்டிவிட்டு முதல் தளத்தைத் திறக்கும் ஒருவருக்கு அது வாதம் என்பதே தெரியாது.

பெயர் ஒத்ததோடு போகவில்லை, முகவரியும் ஒத்திருந்தது. தொடக்கத்தில் பிட்காயின் கேஷின் பண முகவரிகள் பிட்காயின் முகவரிகளைப் போலவே தோன்றின. பலர் ஒன்றை மற்றொன்றின் முகவரிக்கு அனுப்பிவிட்டுத் திணறினார்கள். 2018 ஜனவரியில்தான் பிட்காயின் கேஷுக்கென்று வேறு தோற்றமுள்ள முகவரி வடிவம் வந்தது. அதற்குச் சற்று முன், 2017 அக்டோபரில், பிட்காயின் கோல்டு என்ற இன்னொரு கிளை பிரிந்தது. பிட்காயின் வைத்திருந்தவர்களுக்குப் புதுக்கிளை நாணயம் இலவசமாகக் கிடைக்கும் என்பதால், அதைப் பெற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு வாலட் தளத்தில் மக்கள் தங்கள் ரகசியச் சாவிகளை உள்ளிட்டார்கள். அந்தத் தளத்துக்கான இணைப்பு பிட்காயின் கோல்டின் சொந்த வலைப்பக்கத்திலேயே இருந்தது. சுமார் 33 லட்சம் டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. போனவற்றில் பெரும்பகுதி கோல்டு அல்ல, பழைய பிட்காயின்.

இவற்றையெல்லாம் விட எனக்கு மிகவும் கவலை தரும் நிகழ்வு லூனா. 2022 மே மாதத் தொடக்கத்தில் டெர்ரா தளத்தின் லூனா ஒன்று 80 டாலருக்கு மேல் விற்றது. அதோடு பிணைக்கப்பட்ட யு.எஸ்.டி. (UST) என்ற டோக்கன் எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பிணைப்பு அறுந்தது. பிணைப்பைக் காப்பாற்ற லூனா அச்சடித்துக்கொண்டே போனார்கள். சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தாண்டியது. விலை ஒரு சென்டின் சிறு துணுக்காகக் குறைந்தது. இரண்டு டோக்கன்களிலுமாகச் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. அதே மாதம் 28ஆம் தேதி புதிய பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் நாணயத்துக்கு லூனா என்றே பெயர் வைத்தார்கள். வீழ்ந்த நாணயத்துக்கு லூனா கிளாசிக் என்று பெயர் மாற்றினார்கள். புதிய லூனா வந்த முதல் நாளிலேயே பாதிக்கு மேல் மதிப்பிழந்தது.

இதன் விளைவை ஊடகக் கண்ணோடு பாருங்கள். 2021இலும் 2022 தொடக்கத்திலும் லூனாவைப் புகழ்ந்து எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அவை பேசும் லூனா இன்று லூனா கிளாசிக். இன்று லூனா என்ற பெயரில் உள்ளது, அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டபோது இல்லவே இல்லை. ஆக, எழுதிய நாளில் சரியாக இருந்த செய்தி, யாரும் ஓர் எழுத்தையும் மாற்றாமலேயே, இன்று தவறான தகவல் ஆகிவிட்டது. பழைய கட்டுரைகளின் தலைப்பில் ஒரு குறிப்புச் சேர்ப்பதற்கு எந்த இதழுக்கும் பெரிய செலவு ஆகாது. பெயர் கைமாறும் துறையில் பழைய பக்கங்களைத் திருத்திவைப்பது அன்றாடச் செய்தி எழுதுவதற்கு இணையான பணி.

"வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கட்டுமே" என்று ஒரு பதில் எப்போதும் வரும். பெயர்க் குழப்பத்தில் ஏமாறுகிறவர் சோம்பேறி அல்லது பேராசைக்காரர் என்ற எண்ணம் அதன் உள்ளே இருக்கிறது. ஆய்வுகள் இந்த எண்ணத்தை ஏற்கவில்லை. மைக்கேல் ரேஷஸ் என்ற ஆய்வாளர் 2001இல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். எம்.சி.ஐ. கம்யூனிகேஷன்ஸ் என்ற பெரும் தொலைபேசி நிறுவனத்தின் பங்குக் குறியீடு எம்.சி.ஐ.சி.; எம்.சி.ஐ. என்ற குறியீடோ மாஸ்மியூச்சுவல் கார்ப்பரேட் இன்வெஸ்டர்ஸ் என்ற சம்பந்தமே இல்லாத ஒரு முதலீட்டு நிதியத்துக்கு. தொலைபேசி நிறுவனம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அந்த நிதியத்தின் வர்த்தகமும் சேர்ந்து எகிறியதை அவர் காட்டினார். பதிவாளரும் கட்டுப்பாட்டு அமைப்பும் உள்ள சந்தையில் இப்படி.

2020இல் கொரோனா முடக்கம் தொடங்கியபோது ஜூம் காணொளி நிறுவனத்தை நினைத்து மக்கள் ஜூம் டெக்னாலஜிஸ் என்ற வேறொரு சிறு நிறுவனத்தின் பங்கை வாங்கினார்கள். மார்ச் 26ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதன் வர்த்தகத்தையே தற்காலிகமாக நிறுத்த வேண்டிவந்தது. 2021 ஜனவரியில் எலான் மஸ்க் சிக்னல் செயலியைப் பயன்படுத்தச் சொல்லி இரண்டு சொல் எழுதினார். சிக்னல் அட்வான்ஸ் என்ற டெக்சாஸ் நிறுவனத்தின் பங்கு 60 சென்டிலிருந்து 38 டாலர் வரை போனது. செயலிக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. நம் நாட்டிலும் நடந்தது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் உருளைக்கு மக்கள் தெருத்தெருவாக அலைந்த நாட்களில் பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு சில வாரங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த நிறுவனம் 2019 ஆகஸ்ட்டிலேயே வாயு உற்பத்தியை நிறுத்திவிட்டு முதலீட்டு நிறுவனமாகியிருந்தது.

மனித மனம் பெயரை நம்பித்தான் இயங்குகிறது. அதைக் குற்றமாகச் சொல்லிப் பயனில்லை. பங்குச் சந்தையில் குழப்பம் பெரிதாகும்போது நிறுத்த ஒரு கை உண்டு. கிரிப்டோவில் அந்தக் கை இல்லை.

புதியவரைக் குழப்பத்துக்கு இழுக்கும் இன்னொரு விசை விலை. ஒரு பிட்காயினின் விலை பல லட்சம் ரூபாய். பிட்காயினைப் பத்துக் கோடி துணுக்குகளாகப் பிரிக்கலாம், 500 ரூபாய்க்கும் வாங்கலாம் என்பது பல புதியவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு பிட்காயினின் பெயரைச் சுமந்துகொண்டு சில நூறு டாலருக்கோ சில டாலருக்கோ நிற்கும் நாணயம், கைக்கெட்டும் பிட்காயினாகத் தெரிகிறது. லூனா கிளாசிக் ஒரு சென்டுக்கும் கீழே கிடந்தபோது "பழைய 80 டாலருக்கு ஒருநாள் திரும்பிவிடும்" என்ற நம்பிக்கை பரவியதும் இதே வகை. 6.5 லட்சம் கோடி எண்ணிக்கையை 80 டாலரால் பெருக்கிப் பார்த்தால் உலகத்தில் உள்ள மொத்தச் செல்வத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை வரும். இந்தப் பெருக்கலை ஒரு செய்தியாளர் ஒரு வரியில் செய்துகாட்டலாம்.

ஊடகமே குழப்பத்துக்கு எரிபொருள் ஊற்றிய நேரங்களும் உண்டு. 2018 ஜனவரியில் ரிலையன்ஸ் ஜியோ 'ஜியோகாயின்' என்ற சொந்தக் கிரிப்டோ நாணயத்தைத் திட்டமிடுவதாக ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. நிறுவனத்தின் அறிவிப்பு எதுவும் இல்லை. ஆனால் மற்ற ஊடகங்கள் அதை எடுத்தெழுதின. சில நாட்களில் ஜியோகாயின் என்ற பெயரில் போலித் தளங்களும் செயலிகளும் முளைத்து, மக்களின் விவரங்களையும் பணத்தையும் கேட்கத் தொடங்கின. மாத இறுதிக்குள் ஜியோ, அப்படி எந்தச் செயலியும் தன்னுடையதல்ல, எல்லாமே போலி என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. இல்லாத ஒரு பொருளின் பெயரைச் செய்தி பரப்பியது. போலிக்காரர்கள் அந்தப் பெயருக்குப் பொருளை உருவாக்கிக்கொண்டார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், பாலிகன் தளத்தில் ஜியோகாயின் என்ற பரிசு டோக்கனை ஜியோ உண்மையாகவே வெளியிட்டது. இப்போது அந்தப் பெயரைத் தேடுகிறவர் முன்னால் 2018இன் வதந்தியும் போலியும் 2025இன் உண்மையும் தேதி பார்க்காவிட்டால் ஒன்றாகவே வந்து நிற்கும்.

2021 அக்டோபரில் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. தொடரை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு சென்டில் தொடங்கி நாளுக்கு நாள் ஏறியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. அதன் விளக்க ஆவணம் எழுத்துப்பிழைகளால் நிறைந்திருந்தது. இவ்வளவு அறிகுறிகள் இருந்தும், விலை எத்தனை மடங்கு ஏறியது என்பதைத் தலைப்பாக்கி பி.பி.சி. உட்படப் பெரிய ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அதே அக்டோபர் 29இல் கிஸ்மோடோ தளம் இது அப்பட்டமான மோசடி என்று தலைப்பிலேயே எழுதியது. இரு தரப்பாருக்கும் கிடைத்த தகவல்கள் ஒன்றே. ஒரு தரப்பு விலையைக் கேட்டது, மற்றது விற்க முடிகிறதா என்று கேட்டது. நவம்பர் 1ஆம் தேதி 2,861 டாலர் வரை போன டோக்கன் சில நிமிடங்களில் பூச்சியமானது. உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரோடு மறைந்தார்கள். பெரிய ஊடகத்தில் பெயர் வந்ததே ஒரு நற்சான்றாகப் புதியவருக்குத் தோன்றும் என்பதை அந்தச் செய்தி அறைகள் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

செய்தியாளர்கள் நம்பும் விலைப்பட்டியல் தளங்களும் நடுநிலையான பதிவேடுகள் அல்ல. பெரிதும் மேற்கோள் காட்டப்படும் காயின்மார்க்கெட்கேப் தளத்தை 2020 ஏப்ரலில் பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தையே வாங்கிக்கொண்டது. அந்தத் தளம் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி எண் கொடுக்கிறது, அது உதவும். டிஜிட்டல் டோக்கன்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 24165 என்ற பன்னாட்டுத் தர அடையாளமும் 2021 முதல் இருக்கிறது. ஆனால் பொது வாசகருக்கான செய்திகளில் இவற்றை நான் பார்த்ததில்லை.

இந்திய வாசகருக்கு இந்தக் குழப்பத்தின் விலை இன்னும் கூடுதல். 2022 நிதிநிலை அறிக்கை கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது; அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. தவறான லூனாவை வாங்கி ஒரு லட்சம் இழந்து, சரியான ஒன்றில் ஒரு லட்சம் ஈட்டியவர், கையில் ஒன்றும் மிஞ்சாமல் 30,000 ரூபாய்க்கு மேல் வரி கட்டுவார். இதே நாட்டில் விளம்பரத்துக்குச் சற்றுக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதலின்படி 2022 ஏப்ரல் 1 முதல், கிரிப்டோ விளம்பரங்களில் இது கட்டுப்பாட்டுக்கு உட்படாதது, ஆபத்து மிக்கது, நட்டம் வந்தால் முறையிட இடமிருக்காது என்ற எச்சரிக்கை கட்டாயம். 'கரன்சி' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது. விளம்பரத்துக்குச் சொல் அளவில் கட்டுப்பாடு வந்துவிட்டது; அதே பக்கத்தில் வரும் செய்திக்கு எந்த அளவுகோலும் இல்லை.

தமிழ் ஊடகத்தில் குழப்பம் இன்னொரு படி மேலே போகிறது. எந்த ஊரில் எந்தப் பெயரில் காயின் மோசடி நடந்தாலும் தலைப்பு 'பிட்காயின் மோசடி' என்றே வருவது வழக்கமாகிவிட்டது. கூடவே பொன்னிறத்தில் பி எழுத்துப் பொறித்த அந்த நாணயப் படம். உள்ளே படித்தால் உள்ளூர் ஆட்கள் சிலர் தாங்களே பெயர் வைத்து, ஆள்சேர்ப்புக் கமிஷன் கொடுத்து விற்ற ஏதோவொன்றாக இருக்கும். இதனால் இரண்டு தீங்கு. பிட்காயினைப் பற்றி வாசகருக்குத் தவறான படிப்பினை கிடைக்கிறது. அதைவிட மோசம், விற்கப்பட்ட அந்தப் போலியின் பெயர் தலைப்பில் வராததால், அடுத்த ஊரில் அதே ஆட்கள் அதே பெயரோடு வரும்போது யாருக்கும் பொறி தட்டுவதில்லை. ஆங்கிலக் குறியீடுகளைத் தமிழில் எழுதும்போது வரும் சிக்கலும் இருக்கிறது: பகர ஓசைகள் இரண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து. ஆகவே குறியீட்டை மட்டும் நம்பி எழுதினால் தமிழில் அடையாளம் இன்னும் மங்கும். முழுப்பெயரும் தொடங்கிய ஆண்டும் உடன் வந்தாக வேண்டும்.

எந்த நாணயம் என்ற கேள்வி வாழ்க்கைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு நம் நீதிமன்றத்திலேயே சான்று இருக்கிறது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் களவுபோயின. சந்தை எல்லோருடைய கணக்கையும் முடக்கியது. 3,532 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சட்டப்படி சொத்து என்று தீர்ப்பளித்து அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். களவுபோனவை ஈ.ஆர்.சி.-20 வகை டோக்கன்கள், மனுதாரர் வைத்திருந்தது அவையல்ல என்பதை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. 'கிரிப்டோ திருட்டு' என்று மொத்தமாகச் சொன்ன செய்தியைப் படித்தவருக்குத் தன் நாணயம் போனதா இல்லையா என்றே தெரிந்திருக்காது. எக்ஸ்.ஆர்.பி. என்பதையும் பல செய்திகள் 'ரிப்பிள்' என்று எழுதுகின்றன. ரிப்பிள் நிறுவனத்தின் பெயர். நாணயத்தை வாங்கியவர் நிறுவனத்தின் பங்குதாரர் ஆவதில்லை.

மோசடிக் காயினின் பெயரைத் துல்லியமாக எழுதினால் அதற்கே விளம்பரமாகிவிடாதா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக ஒப்பந்த முகவரியை அச்சிடும்போது. அதனால் சந்தைக்கு வந்து சில நாட்களே ஆன டோக்கனின் விலையேற்றத்தைச் செய்தியாக்காமல் விடுவதே மேல் என்பது என் முடிவு. எழுதத்தான் வேண்டுமென்றால் நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் தேடிய பிறகு எழுதலாம்: யார் வெளியிட்டது, எப்போது, பெயர் ஒத்த மற்றதோடு என்ன உறவு, வாங்கியவர் விற்க முடிகிறதா, மொத்தத்தில் எவ்வளவு பங்கு ஒருசிலர் கையில். பதில் கிடைக்காவிட்டால் பதில் கிடைக்கவில்லை என்பதே செய்தியின் முதல் வரி. 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா அதிபர் ஹவியேர் மிலேய் தன் சமூக ஊடகப் பக்கத்தில் லிப்ரா என்ற டோக்கனை அறிமுகம் செய்தபோது இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் சில மணி நேரச் சரிவில் தப்பினார்கள். 2019இல் ஃபேஸ்புக் அறிவித்துப் பிறகு கைவிட்ட லிப்ரா அது என்று நினைத்தவர்களும் இருக்கக்கூடும். அந்தப் பெயரையும் யாரும் காத்து வைத்திருக்கவில்லை.

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, காணொளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஒரு நாணயத்தை முதலில் குறிப்பிடும் இடத்தில் முழுப்பெயர், தொடங்கிய தேதி, வெளியிட்டவர், பெயர் ஒத்த மற்றதோடு உள்ள உறவு ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "2022 மே 28 அன்று தொடங்கிய புதிய லூனா, அதே மாதம் வீழ்ந்த பழைய லூனா இப்போது லூனா கிளாசிக்" என்பதற்கு அச்சில் இரண்டு வரி கூடப் பிடிக்காது. பிட்காயின் அல்லாத செய்திக்கு பிட்காயின் படத்தைப் போடாதீர்கள். நாணயம் பெயர் மாறினால் உங்கள் பழைய கட்டுரையில் குறிப்புச் சேருங்கள். எழுதுகிறவர் அந்த நாணயத்தை வைத்திருந்தால் அதைச் சொல்லட்டும்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கும் செய்தி ஒரு காயினின் விலையைச் சொல்லிவிட்டு, அது எது, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தச் செய்தியை நம்பி ஒரு ரூபாயும் போடாதீர்கள். அந்த இதழுக்கு எழுதி, எந்த நாணயம் என்று கேளுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மூடிவைக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். புகாரில் நாணயத்தின் பெயரோடு நீங்கள் பணம் அனுப்பிய முகவரியையும் ஒப்பந்த முகவரியையும் முழுமையாக எழுதிக் கொடுங்கள்.